கார்புரேட்டர் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் விதமும்



மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கும் எனது கடைக்கு வருகிறவர்களில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று பேராவது, "கார்புரேட்டர் கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது வியாபாரிக்குச் சுலபமான காரியம். ஆனால் கார்புரேட்டர் அவ்வளவு எளிதில் கெட்டுப்போகிற சாமான் அன்று. அதனுள் அடைப்பு உண்டாகும். ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துவிடும். ஒரு ஸ்குரூ தன் இடம் விட்டு நகர்ந்திருக்கும். முழுச் சாமானையும் மாற்றவேண்டிய நிலை எப்போதாவதுதான் நேரிடும்.

இதை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவர் கிள்ளானில் தங்கிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக் கடையில் வேலை பார்த்து வந்தார். பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 ஒன்றை வாங்கி, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கூட்டரசு நெடுஞ்சாலையில் புறப்பட்டுவிடுவார். சுபாங் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடும். ஐந்து நிமிஷம் ஓரமாக நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பும். பின்னும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். "காக்கா, கார்புரேட்டர்தானே?" என்று கேட்டார். நானும் யோசியாமல், "ஆமாம் தம்பி" என்று எழுபது வெள்ளிக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் திரும்பவும் வந்தார். புதிய கார்புரேட்டரோடும் வண்டி அதே இடத்தில்தான் நின்றிருக்கிறது.

அன்றுதான் நான் கடையை விட்டு இறங்கிப்போய் வண்டியைப் பார்த்தேன். இருக்கையைத் தூக்கி எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. கோளாறு அவ்வளவுதான். பழைய மூடி தொலைந்ததால் யாரோ விலை மலிவான வேறொரு மூடியைப் போட்டிருக்கிறார்கள். அதில் காற்றுத் துவாரம் அடைபட்டுக் கிடந்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். ஐந்து நிமிஷம் நிறுத்தினால் எங்கேனும் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும். வண்டி மறுபடி கிளம்பும். நான் அந்தக் கார்புரேட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுபது வெள்ளியையும் கொடுத்துவிட்டேன். ஆனால் தாமதமாகப் போனதற்காக அவருக்குப் பிடிக்கப்பட்ட கூலியை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அளவையில் குறை செய்கிறவர்களைப் பற்றி நமது வேதத்தில் 'அல் முதஃப்பிஃபீன்' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆராயாமல் வைத்தியம் சொல்லி விற்பதும் அந்தக் கணக்கில் சேருமோ என்று அன்றிரவு முழுவதும் எனக்கு உறுத்தலாக இருந்தது. இக்கட்டுரை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கார்புரேட்டர் செய்கிற வேலை என்ன? பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு தக்க அளவில் கலந்தால்தான் இஞ்சினுக்குள் ஒழுங்காக எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. பெட்ரோல் அதிகமானால் அதைத் தடித்த கலவை என்றும், காற்று அதிகமானால் மெலிந்த கலவை என்றும் சொல்லலாம். இந்தக் கலவையைத் தயாரித்துக் கொடுக்கும் சமையற்காரர்தான் கார்புரேட்டர்.

அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள நமது பள்ளிவாசல் ஹவுதை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் ஒளுச் செய்யச் செய்யத் தண்ணீர் குறைகிறது. தண்ணீரின் மேலே மிதக்கும் பந்து தாழ்கிறது, குழாய் திறக்கிறது. தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலெழுந்து குழாயை மூடிவிடுகிறது. கார்புரேட்டரின் அடியில் இருக்கிற சிறு கிண்ணத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே ஒரு மிதவை இருக்கிறது. அது மேலெழும்போது ஒரு சிறு ஊசி போய்ப் பெட்ரோல் வரும் துவாரத்தை அடைக்கிறது. இந்த மிதவை யுக்தி நேற்று வந்ததன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் தாமாகத் திறந்து மூடும் அடைப்பான்களை விவரித்திருக்கிறார்கள். 1206இல் தமது நூலை எழுதி முடித்த அல் ஜஸரீயும் தமது நீர்க் கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தினார். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்; ஆனால் கார்புரேட்டரையே முஸ்லிம்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று அளந்துவிடக் கூடாது. மிதவையும் தெளிப்பு ஜெட்டும் கூடிய கார்புரேட்டரை 1893 வாக்கில் உருவாக்கியவர் வில்ஹெல்ம் மைபாக் என்னும் ஜெர்மானியர்.

கிண்ணத்துக்கு மேலே காற்று போகும் வழி ஓரிடத்தில் குறுகியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் பாலத்தடியில் குறுகிய இடத்தில் விரைவாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றும் அப்படியே குறுகிய வழியில் வேகம் எடுக்கிறது. வேகம் கூடினால் அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் இருப்பதால், பெட்ரோல் ஜெட் என்னும் பித்தளைத் துவாரத்தின் வழியே மேலே தள்ளப்பட்டுக் காற்றோடு தூறலாகக் கலக்கிறது. வெந்தூரி என்ற இத்தாலியர் 1797இல் இதை விளக்கினார். குறுகிய வழிக்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஜெட்டுகள் இரண்டு. வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது வேலை செய்வது சின்ன ஜெட். முழுக்க முறுக்கி ஓட்டும்போது பெரிய ஜெட். இடையில் நடப்பதைக் கவனித்துக்கொள்வது கூம்பான ஓர் ஊசி. நீங்கள் வலக் கைப்பிடியை முறுக்கும்போது இந்த ஊசி ஸ்லைடோடு சேர்ந்து மேலே போகிறது. துவாரங்கள் எவ்வளவு நுண்ணியவை என்றால், கெய்ஹின் பெரிய ஜெட்டில் 75 என்று எண் பொறித்திருந்தால் துவாரம் சுமார் முக்கால் மில்லிமீட்டர். சின்ன ஜெட்டில் அதில் பாதி கூட இராது. ஒரு துளி பிசின் போதும், அடைத்துவிடும்.

நிற்க. வண்டி கிளம்பவில்லையென்றால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம், அளவு காட்டும் முள் பழுதாகி, வெறுந்தொட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடுத்து மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன். அதன்பின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பழுப்பு நிறமாக, பிஸ்கட்டின் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்றிருந்தால் காற்று அதிகம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகிப் பிஸ்டனுக்கே சேதம் வரும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வருகிறது. பிளக்கை அதன் மூடியில் செருகி, இஞ்சின் உலோகத்தில் தொடும்படி வைத்து உதைத்தால் நீலப்பொறி தெரியவேண்டும். பிளக் இருந்த துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யாதீர்கள்; அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். மேற்படி சோதனையில் பொறி வரவில்லையென்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது; கார்புரேட்டர் மேல் பழி சுமத்தவேண்டாம்.

இனி, மிகவும் பிரயோஜனமான ஒரு சோதனையைச் சொல்கிறேன். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூ உண்டு. அதன் கீழே ஒரு சிறு குழாய் தொங்கும். இஞ்சின் ஆறிய பிறகு, குழாயின் கீழே ஒரு சுத்தமான கண்ணாடிப் புட்டியை வைத்து ஸ்குரூவைத் தளர்த்துங்கள். கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் கொஞ்சம் வடிந்து, அதற்கு மேலும் விடாமல் ஒழுகிக்கொண்டிருந்தால் தொட்டியிலிருந்து கிண்ணம்வரை வழி சுத்தமாக இருக்கிறது. கோளாறு ஜெட்டுகளில் அல்லது அதற்கு மேலே. கொஞ்சம் வடிந்து நின்றுபோனால் மூடி, வடிகட்டி, குழாய், மிதவை ஊசி ஆகியவற்றில் எங்கோ தடை. (சில வண்டிகளில் இஞ்சின் சுற்றும்போதுதான் பெட்ரோல் வழி திறக்கும். அவற்றில் உதைத்துக்கொண்டே பார்க்கவேண்டும்.) புட்டியைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக ஏதேனும் நின்றால் அது தண்ணீர். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கி, ஜெட்டின் வாயிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மழைக்கு மறுநாள் வண்டி திக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வடித்துவிட்டால் காரியம் முடிந்தது. காசு ஒன்றும் செலவில்லை.

எந்த ஜெட்டில் கோளாறு என்று எப்படி அறிவது? கைப்பிடியை எவ்வளவு முறுக்கும்போது வண்டி சிணுங்குகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்து, ஓட்டத்தில் நன்றாக இருந்தால் சின்ன ஜெட் அடைப்பு அல்லது காற்று ஸ்குரூ பிசகியிருக்கிறது. காலிலிருந்து முக்கால்வரை திக்கினால் ஊசியையும், அது நுழையும் துவாரத்தையும் பார்க்கவேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்து, முழுக்க முறுக்கியதும் மூச்சு வாங்கினால் பெரிய ஜெட் அடைப்பு. இல்லாவிடில் கிண்ணத்துக்கு வேண்டிய அளவு பெட்ரோல் வந்து சேரவில்லை. ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணைகிறது, ஆனால் நெடுஞ்சாலையில் பறக்கிறது என்று ஒருவர் சொன்னால், வண்டியைப் பார்க்காமலேயே சின்ன ஜெட்டைப் பார்க்கச் சொல்லலாம்.

கழற்றிச் சுத்தம் செய்வதாயிருந்தால் சில விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். ஜெட் துவாரத்தில் இரும்புக் கம்பி, ஊக்கு, குண்டூசி எதையும் விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் அது வேறு எண் ஜெட்டாகிவிடும். அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கறுக்கும், காரணம் மட்டும் விளங்காது. மீன் பிடிக்கும் நைலான் நரம்பு நல்லது. காற்றழுத்தம் அதைவிட நல்லது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரியவேண்டும். கார்புரேட்டர் கழுவும் மருந்தில் ரப்பர் வளையங்களையும் மிதவையையும் ஊறப்போடக் கூடாது. அவை ஊதிக் கெட்டுவிடும். பெரிய வண்டிகள் சிலவற்றில் மெல்லிய ரப்பர்த் திரை ஒன்று இருக்கும். அதன்மேல் அந்த மருந்து பட்டாலே போதும், பாழாகும். ஸ்குரூக்களுக்குச் சரியான அளவுத் திருப்புளியைப் பயன்படுத்துங்கள். தலை மழுங்கிப்போன ஜெட்டைக் கழற்றுவது பல் பிடுங்குவது போன்ற வேலை.

காற்று ஸ்குரூவைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். அதைத் திருகினால் வண்டி வேகமெடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பையன்கள் கண்டபடி திருகிவிடுகிறார்கள். இரண்டு வகை உண்டு. ஸ்குரூ காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. வெளியே திருகினால் கலவை மெலியும். இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது. வெளியே திருகினால் கலவை தடிக்கும். நமது கப்சாய் வண்டிகளில் அநேகமாக முதல் வகைதான். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிய பின், அந்த ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்திவிடவேண்டும்; இறுக்கினால் நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாக இப்படியும் அப்படியும் நகர்த்தி, இஞ்சின் எந்த இடத்தில் அதிகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். கடைசியாக ஸ்லோ ஸ்குரூவினால் ஓட்டத்தைக் குறைத்துவிடலாம். கப்சாய்களில் நின்றோட்டம் நிமிஷத்துக்குச் சுமார் 1400 சுற்று. வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எவ்வளவு திருகியும் நின்றோட்டம் நிலைக்காமல் தானாக ஏறி ஏறி இறங்கினால், கார்புரேட்டரும் இஞ்சினும் சேரும் இடத்தில் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பாருங்கள். ஓடும் இஞ்சினின் அந்த மூட்டில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால், ஒழுக்கு இருக்குமிடத்தில் சத்தம் ஒரு கணம் மாறும். அங்கே இருக்கிற ரப்பர் வளையம் இரண்டொரு வெள்ளிதான். அதை மாற்றாமல் கார்புரேட்டரை மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ஆபத்தான கோளாறுக்கு வருகிறேன். வண்டியை நிறுத்தியிருக்கும்போது கார்புரேட்டரின் அடிக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஒருநாளும் அலட்சியமாக இருக்காதீர்கள். மிதவை ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் தூசி அகப்பட்டிருக்கும்; அல்லது ஊசி நுனியில் வளையம்போல் தேய்மானம் விழுந்திருக்கும்; அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். இதில் இரண்டு அபாயங்கள். ஒன்று, நெருப்பு. நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளிலும் கடைவீட்டின் பின்புறத்திலும் படிக்கட்டின் அடியிலேயே வண்டியை நிறுத்துகிறோம். பக்கத்தில் அடுப்பு இருக்கிறது, கொசுவர்த்தி இருக்கிறது, சிகரெட் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிக்கொள்ளும். கார்புரேட்டர் வேலையை வீட்டுக்குள் செய்யவே கூடாது; வெளியே, காற்றோட்டத்தில்தான். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவதும் தவறு. இரண்டாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாது. வழிகிற பெட்ரோல் சில வேளை வெளியே சொட்டாமல் இஞ்சினுக்குள் இறங்கி, மலாய்க்காரர்கள் 'மிஞ்ஞாக் ஹீத்தாம்' என்று சொல்கிற இஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஊசியைச் சரிசெய்வதோடு எண்ணெயையும் மாற்றியே தீரவேண்டும். நீர்த்துப்போன எண்ணெயில் ஓடும் இஞ்சின் வெகுநாள் தாங்காது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றியும் எழுதும்படி சில சகோதரர்கள் கேட்டார்கள். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பக்கத்திலும் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்க முடியாது. வீடுகளையே மூடிய தண்ணீரில் மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? வெள்ளம் வடிந்ததும் பலர் செய்த பிழை, வண்டி பிழைத்திருக்கிறதா என்று ஆவலோடு ஸ்டார்ட்டரை அழுத்தியதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். சில வெள்ளியில் முடிந்திருக்கவேண்டிய வேலை பல நூறு வெள்ளியாகிவிடும்.

மூழ்கிய வண்டியில் முதலில் பாட்டரியின் கம்பியைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் தண்ணீர் வெளியே வரும். இஞ்சின் எண்ணெயைப் பாருங்கள். தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றவேண்டும். தொட்டிப் பெட்ரோலையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடியுங்கள். சேற்றுத் தண்ணீர் புகுந்த கார்புரேட்டரை மேலோடு துடைத்தால் போதாது. பிரித்து எல்லாத் துவாரங்களையும் ஊதவேண்டும். வண்டல் காய்ந்தால் சிமெந்துபோல் இறுகிவிடும், ஆகவே நாள் கடத்தக் கூடாது. காற்று வடிகட்டி கடற்பஞ்சு போன்றதாயிருந்தால் கழுவி உலர்த்தலாம். காகிதமாயிருந்தால் புதியது போடுவதே முறை.

மழைக்காலத்தில் ஒதுங்குவது குறித்தும் ஒரு வார்த்தை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை 1970களிலேயே அமைந்தது. உலகத்திலேயே முன்னோடியான பாதை என்று அதைச் சொல்வார்கள். பாதை குறுகல், திருப்பங்களும் பாலத்தடிகளும் உண்டு. திக்குகிற வண்டியோடு அங்கே திடீரென்று நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். முதல் நாள் திக்கும்போதே கவனித்துவிடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வைத்த வண்டி பெரும்பாலும் பாலத்தடி இருட்டில்தான் நிற்கும்.

சோக்கை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. நமது ஊர்ச் சூட்டில் காலையில் அரை நிமிஷத்துக்கு மேல் சோக் தேவைப்படாது. பல நாள் தேவையே இல்லை. திறந்தபடி ஓட்டினால் கரும்புகை வரும், எண்ணெய்ச் செலவு ஏறும். கெந்திங் மலைக்கு ஏறியவர்கள் வண்டி சோர்ந்துவிட்டது என்று முறையிடுவதும் கோளாறன்று. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. பெட்ரோல் அதே அளவு வருவதால் கலவை தடித்துவிடுகிறது. கீழே இறங்கினால் தானே சரியாகிவிடும். அங்கே நின்று ஸ்குரூவைத் திருகிவிட்டு, கீழே வந்து திண்டாடவேண்டாம்.

விலை உயர்ந்த பெட்ரோல் ஊற்றினால் கார்புரேட்டர் சுத்தமாகிவிடும் என்றொரு நம்பிக்கையும் இருக்கிறது. 2009இல் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது. அந்த எண் இஞ்சினுக்குள் காலம் தவறி வெடிப்பதைத் தடுக்கும் சக்தியைக் குறிப்பதே தவிர, சுத்தத்தைக் குறிப்பதன்று. அடைபட்ட ஜெட்டுக்கு ரோன் 97 ஊற்றுவது, மூக்கடைப்புக்கு விலை உயர்ந்த சட்டை வாங்குவதற்குச் சமம்.

சாமான் வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். 'சிப்ளாக்' என்று நாம் சொல்லும் இவற்றில் ஜெட்டின் மேல் ஓர் எண் இருக்கும், துவாரம் வேறு அளவாக இருக்கும். பழைய அசல் கார்புரேட்டர் உடலில் வெடிப்பும், ஸ்லைடில் ஆழ்ந்த தேய்மானமும் இல்லையென்றால், மிதவை ஊசி, ரப்பர் வளையங்கள், கிண்ணத்தின் கேஸ்கெட் ஆகியவற்றை மட்டும் மாற்றி மீட்டுவிடலாம். புதிய போலியைவிட அது நன்றாக உழைக்கும். இதை எழுதுவதால் எனக்கு வியாபாரம் குறையுமே என்று ஒரு சிநேகிதர் கேட்டார். கேஸ்கெட்டும் நான்தான் விற்கிறேன் என்று சொன்னேன்.

இவையெல்லாம் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே: பழைய இ.எக்ஸ்.5, 1996இல் வெளிவந்த மொடனாஸ் கிரிஸ், 2006இல் வந்த யமஹா எல்.சி.135 போன்றவை. இப்போது வரும் வண்டிகளில் எஃப்.ஐ. என்னும் முறை இருக்கிறது. சிறு கணினி ஒன்று பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. புகைக் கட்டுப்பாட்டுக்கும் சிக்கனத்துக்கும் அது மேலானதுதான். அதில் திருகுவதற்குக் காற்று ஸ்குரூ கிடையாது. கோளாறு வந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்குரிய கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

கடைசியாக, உம்ராவுக்கோ ஊருக்கோ ஒரு மாதம் இரண்டு மாதம் போகிறவர்களுக்கு. கிண்ணத்தில் நிற்கும் கொஞ்சப் பெட்ரோல் இந்த உஷ்ணத்தில் மெல்ல மெல்ல ஆவியாகி, அடியில் வார்னிஷ்போல் மஞ்சள் பிசினை விட்டுவிடும். திரும்பி வந்து உதைத்தால் வண்டி கிளம்பாது. சின்ன ஜெட் அடைபட்டிருக்கும். புறப்படும் முன் வண்டியை வெளியே நிறுத்தி, பெட்ரோல் குழாய்க்கு அடைப்புப்பிடி இருந்தால் அதை மூடிவிட்டு, வடிகால் ஸ்குரூவைத் தளர்த்திக் கிண்ணத்தை வடித்து, ஸ்குரூவை மறவாமல் இறுக்கி வையுங்கள். திரும்பி வந்ததும் அடைப்பைத் திறந்து, கிண்ணம் நிறைய ஒரு நிமிஷம் பொறுத்துப் பிறகு உதையுங்கள்.